டுவீட் கில்ட்டு

டுவீட் கில்ட்டு என்பது, ஸ்காட்லாந்தின் மரபுவழி ஆண்கள் ஆடையான கில்ட்டை, வழமையான டார்ட்டன் கட்டத் துணிக்குப் பதிலாக டுவீட் எனப்படும் சொரசொரப்பான கம்பளித் துணியில் தைத்துப் பெறும் ஆடை ஆகும். இது பெரும்பாலும் பகல்நேர உடையாகவும் நாட்டுப்புற உடையாகவும் அணியப்படுகின்றது. மேற்சட்டையும் உட்சட்டையும் கில்ட்டும் ஒரே டுவீட்டில் அமைந்த முழு உடையும் அண்மைக் காலத்தில் திருமணங்களில் காணப்படுகின்றது. டார்ட்டன் கட்டங்கள் குலங்களுடன் தொடர்புபடுத்தப்படுவதால், எந்தக் குலத்தையும் சாராத ஒருவர் எவருடைய உரிமை பற்றியும் எண்ணாமல் அணியக்கூடிய கில்ட்டாக இது கருதப்படுவதுண்டு.

அளவெடுத்துத் தைக்கப்படும் கில்ட்டுக்கு டுவீட் துணியைத் தெரிவு செய்வது, மேற்சட்டைக்குத் தெரிவு செய்வதில் இருந்து பெரிதும் வேறுபட்டது. மேற்சட்டைக்கு நிறமும் தொடுவுணர்வும் முதன்மையானவை. கில்ட்டுக்கோ துணியின் தடிப்பு, இறுக்கம், அகலம், கரை என்பனவே முதலில் பார்க்கப்பட வேண்டியவை. ஒரு கில்ட்டில் பல மீட்டர் துணி மடிப்புகளாக அடுக்கப்படுவதும், அத்துணி வெட்டிய பின் வேறெதற்கும் உதவாது போவதும் இதற்குக் காரணங்கள்.

பெயர்

டுவீட் என்னும் சொல், சாய்வரி நெசவைக் குறிக்கும் "டுவீல்" என்ற ஸ்காட்டுச் சொல்லில் இருந்து வந்தது. 1830களை ஒட்டிய காலத்தில், ஸ்காட்லாந்தின் தென் எல்லைப் பகுதியில் உள்ள ஹாவிக் என்னும் ஊரில் இருந்து வந்த கடிதம் ஒன்றில் இச்சொல்லை இலண்டன் வணிகர் ஒருவர் பிழையாக வாசித்து, அப்பகுதியில் ஓடும் டுவீட் ஆற்றின் பெயர் என எண்ணிக்கொண்டார் என்றும், அப்பெயரே வணிகத்தில் நிலைத்துவிட்டது என்றும் ஒரு கதை வழங்கி வருகின்றது. கதை எவ்வாறாயினும், டுவீட் என்பது ஓர் இடத்தின் துணி அல்ல. அது துணி வகை ஒன்றின் பொதுப்பெயர்.

வரலாற்றுப் பின்னணி

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தவர் அணிந்த பெரிய கில்ட்டு, தைக்கப்படாத நீண்ட போர்வை ஒன்றை இடுப்பில் மடித்து வாரால் கட்டிக்கொள்வதாக இருந்தது. இடுப்புக்குக் கீழ்ப்பட்ட பகுதியை மட்டும் கொண்ட சிறிய கில்ட்டு பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. 1745 ஆம் ஆண்டின் யாக்கோபியக் கிளர்ச்சிக்குப் பின்னர், 1746 இல் இயற்றப்பட்ட சட்டம் மேட்டுநில உடையைத் தடை செய்தது. அரசரின் படைகளில் பணிபுரிந்தோருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. தடை 1782 இல் நீக்கப்பட்டது. 1822 இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது எழுத்தாளர் வால்ட்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த விழாக்கள், கில்ட்டையும் டார்ட்டனையும் ஸ்காட்லாந்து முழுவதற்குமான அடையாளமாக ஆக்கின.

கில்ட்டு என்றாலே டார்ட்டன் தான் என்ற எண்ணம் இக்காலத்திலேயே வலுப்பெற்றது. ஆயினும் கட்டமில்லாத கில்ட்டுக்குப் படைத்துறையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1859 இல் இலண்டனில் அமைக்கப்பட்ட இலண்டன் ஸ்காட்டிஷ் தன்னார்வப் படை, "ஹாடன் கிரே" எனப்படும் ஒரே நிறத் துணியைத் தன் உடையாகக் கொண்டது. ஹாடன் என்பது ஸ்காட்லாந்து உழவர்கள் அணிந்துவந்த முரட்டுக் கம்பளித் துணி. அப்படையின் முதல் தலைவரான எல்கோ பிரபு இதனை விரும்பியதற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, பல குலங்களைச் சேர்ந்தோர் உள்ள படையில் எந்தக் குலத்தின் டார்ட்டனை அணிவது என்ற பூசல் இதனால் எழாது. மற்றது, மான் வேட்டைக்காரன் கண்ணில் படாத நிறத்தை அணிவது போலப் படைவீரனும் அணிய வேண்டும் என்பது அவரது கருத்து. கனடாவின் டொரோண்டோ ஸ்காட்டிஷ் படையும் பின்னர் இதே துணியை ஏற்றுக்கொண்டது. இன்று டுவீட் கில்ட்டை விரும்புவோர் கூறும் காரணங்களும் பெரும்பாலும் இவையே.

கில்ட்டின் அமைப்பு

டுவீட்டைத் தெரிவு செய்வதில் உள்ள சிக்கலை விளங்கிக்கொள்ள, கில்ட்டின் அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். கில்ட்டின் முன்புறத்தில் மடிப்பில்லாத இரண்டு தட்டைப் பகுதிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அமைகின்றன. பக்கங்களிலும் பின்புறத்திலும் மடிப்புகள் அமைகின்றன. மடிப்புகள் இடுப்பில் இருந்து புட்டம் வரை கையால் தைத்து இறுக்கப்பட்டு, அதற்குக் கீழே தளர விடப்படுகின்றன. உட்புறத்தில் மேற்பகுதிக்கு மட்டுமே உள்துணி உண்டு. எனவே தொடையிலும் முழங்காலிலும் கம்பளி நேராகவே தோலில் படுகின்றது.

துணியை நெய்த நீளவாக்கிலேயே உடலைச் சுற்றி வைப்பது கில்ட்டின் தனித்தன்மை. சேலையிலும் வேட்டியிலும் போலவே பாவு நூல்கள் கிடையாகவும், ஊடை நூல்கள் செங்குத்தாகவும் அமைகின்றன. துணியின் கரை அப்படியே கில்ட்டின் கீழ் விளிம்பாகிவிடுகின்றது. நல்ல கில்ட்டின் கீழ் விளிம்பு மடித்துத் தைக்கப்படுவதில்லை. மேற்சட்டையிலோ பாவு நூல்கள் செங்குத்தாக வருகின்றன. ஒரே துணியில் தைத்த மேற்சட்டையும் கில்ட்டும் அருகருகே வேறுபட்டுத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

முழு அளவுக் கில்ட்டுக்கு எட்டுக் கஜம், அதாவது ஏறத்தாழ 7.3 மீட்டர் துணி தேவை என்பது வழக்கு. ஒன்பது கஜச் சேலையிலும் இது ஒரு கஜமே குறைவு. இது ஒற்றை அகலத் துணியின் கணக்கு. இரட்டை அகலத் துணியாயின் நான்கு கஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மடிப்பொன்றின் உள்ளே மறையும்படி இணைப்பர்.

டுவீட்டும் டார்ட்டன் துணியும்

கில்ட்டுக்கான டார்ட்டன் பெரும்பாலும் வர்ஸ்டட் என்னும் நூலால் நெய்யப்படுகின்றது. இந்நூலுக்கு நீண்ட கம்பளி இழைகள் தெரிந்தெடுக்கப்பட்டு, சீப்பால் வாரப்பட்டு, ஒன்றுக்கொன்று இணையாக வைத்து இறுக்கமாக முறுக்கப்படுகின்றன. நூல் வழவழப்பாகவும் மெல்லியதாகவும் அமைகின்றது. அதில் நெய்த துணியைச் சூடான நீராவியால் அழுத்தினால் மடிப்பு கத்தி முனை போல நிற்கும்.

டுவீட்டின் நூல் வேறு வகையானது. நீளமும் குட்டையுமான இழைகள் கலந்து, பல திசைகளில் கிடக்குமாறு கோதப்பட்டு, தளர்வாக முறுக்கப்படுகின்றன. இழைகளுக்கு இடையில் காற்று தங்குவதால் துணி கதகதப்பாக இருக்கின்றது. ஆனால் அதே காரணத்தால் துணி தடிப்பாகவும் ஓரளவு நெகிழ்வாகவும் உள்ளது. நெய்த பின்னர் துணியை நீரில் அலசி அடித்து இறுக்கும்போது இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. வெளி எபிரைடீசுத் தீவுகளில் முன்னாட்களில் இவ்வேலையைப் பெண்கள் பலகையைச் சுற்றி அமர்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே கையால் செய்தனர். அப்பாடல்கள் இன்று துணியிலிருந்து பிரிந்து தனியான இசை மரபாக வாழ்கின்றன.

சுருங்கக் கூறின், கில்ட்டின் இன்றைய வடிவம் வர்ஸ்டட் துணியை மனத்திற்கொண்டு வளர்ந்தது. டுவீட் அதற்கு விருந்தாளி. துணியைத் தெரிவு செய்பவர் டுவீட்டின் எந்த வகை கில்ட்டுக்கு நெருங்கி வருகின்றது என்றும், கில்ட்டின் வடிவத்தை அதற்காக எவ்வளவு மாற்றிக்கொள்ளலாம் என்றும் பார்க்க வேண்டியுள்ளது.

எடையும் தடிப்பும்

கில்ட்டுத் துணிகளின் எடையை, இரட்டை அகலத் துணியில் ஒரு கஜம் எத்தனை அவுன்சு என்று கூறுவது பிரித்தானிய வழக்கம். 10 அல்லது 11 அவுன்சு இலேசானது. 13 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 370 கிராம், நடுத்தரமானது. 16 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், கனமானது. கனமான துணியே நன்கு தொங்கும் என்பதும், நடக்கும்போது அழகாக வீசும் என்பதும் கில்ட்டுத் தையற்காரர் பலரது கருத்து. டார்ட்டனைப் பொறுத்தவரை இது சரி. டுவீட்டுக்கு எடையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறாக முடியும். ஒரே எடையுள்ள வர்ஸ்டட்டை விட டுவீட் தடிப்பானது என்பதே காரணம்.

இதனைச் சிறு கணக்கால் விளக்கலாம். புட்டச் சுற்றளவு 100 சதமமீட்டர் உள்ள ஒருவருக்கு எட்டுக் கஜக் கில்ட்டு தைக்கப்படுவதாகக் கொள்வோம். முன்புறத் தட்டைப் பகுதிகள் இரண்டுக்கும், அவற்றின் ஓரங்களில் உள்ள ஆழ்ந்த மடிப்புகளுக்குமாக ஏறத்தாழ 160 சதமமீட்டர் துணி போய்விடும். மிஞ்சும் 570 சதமமீட்டரும் பின்புறத்தில் 52 சதமமீட்டர் இடத்துக்குள் மடிக்கப்பட வேண்டும். 570 ஐ 52 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11 வரும். அதாவது பின்புறத்தின் எந்த இடத்திலும் 11 அடுக்குத் துணி இருக்கும். துணியின் தடிப்பு 0.7 மில்லிமீட்டராயின் அடுக்கு 8 மில்லிமீட்டருக்கும் குறைவு. தடிப்பு 1.2 மில்லிமீட்டராயின் 13 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். முன்னது ஆடை. பின்னது மெத்தை. உட்காரும்போதும், இடுப்பு வாரை இறுக்கும்போதும் இவ்வேறுபாடு நன்றாகத் தெரியும். தையற்காரர்கள் தைத்த பகுதியின் உட்புறத்தில் மிகையான துணியை வெட்டி எடுப்பதுண்டு. ஆனால் தையலுக்குக் கீழே தளர விட்ட பகுதியில் அவ்வாறு செய்ய இயலாது.

எனவே தடித்த டுவீட்டைத் தெரிவு செய்தால் துணியின் நீளத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து கஜத்தில் தைத்தால் இதே உடலுக்கு அடுக்குகள் ஏறத்தாழ ஆறாகக் குறைகின்றன. நான்கு கஜத்தில் பெட்டி மடிப்பு வைத்தால் நான்கு அடுக்குகளே வரும். பெட்டி மடிப்பு என்பது இரண்டு பக்கமும் உள்ளே திரும்பிய அகலமான மடிப்பு. இப்போது பரவலாக உள்ள, ஒரே பக்கமாகச் சாயும் கத்தி மடிப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தான் பொதுவழக்கானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தைக்கப்பட்ட கில்ட்டுகள் ஏறத்தாழ நான்கு கஜத் துணியில் பெட்டி மடிப்புகளுடனேயே இருந்தன. ஆகவே நான்கு கஜ டுவீட் கில்ட்டைக் குறைபாடுள்ள கில்ட்டு என்று கூறுவது பொருந்தாது. அது பழைய வடிவத்துக்குத் திரும்புவதே ஆகும். துணிச்செலவு பாதியாவது கூடுதல் நன்மை.

டுவீட் வகைகளின் பொருத்தம்

கம்பளி எந்த ஆட்டினுடையது, நூல் எவ்வளவு முறுக்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்து டுவீட்டின் குணம் மாறுகின்றது. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட செவியட் மலைகளின் பெயரைக் கொண்ட ஆட்டினத்தின் கம்பளி விறைப்பானது, மீள்தன்மை உடையது. கசக்கி விட்டால் தானே விரியும். மடிப்பையும் ஓரளவு நன்றாகத் தாங்கும். கில்ட்டுக்கு இவ்வகையே முதலில் கருதத்தக்கது. ஆனால் தோலில் உறுத்தும். ஷெட்லாந்துக் கம்பளி மென்மையானது, இலேசானது. ஆட்டுக்குட்டிக் கம்பளி அதனிலும் மென்மையானது. இவை மேற்சட்டைக்கு இனியவை. கில்ட்டிலோ உட்காரும் இடம் நாளடைவில் தொய்ந்து பை போல ஆகிவிடும்.

முள்தாங்கி டுவீட் என்று கூறத்தக்க வகை ஒன்று உண்டு. வேட்டைக்காரர் முட்புதர்களிடையே செல்லும்போது கிழியாமல் இருக்கும் பொருட்டு, நூலை மிக இறுக்கமாக முறுக்கி அடர்த்தியாக நெய்த துணி இது. மேற்பரப்பில் தூவி குறைவு. எடை கூடுதலாயினும் தடிப்பு குறைவு. டுவீட்டின் தோற்றமும் வேண்டும், கூரிய மடிப்பும் வேண்டும் என்போருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை எனலாம். அயர்லாந்தின் டொனிகல் டுவீட், பல நிறப் புள்ளிகள் தெறித்தாற்போன்ற அழகிய தோற்றம் உடையது. ஆனால் அதில் பல துணிகள் தளர்வானவை. அவற்றைக் கில்ட்டுக்கு எடுப்பதாயின் இறுக்கமாக நெய்தவற்றைத் தேடி எடுக்க வேண்டும்.

நெசவைப் பொறுத்தவரை, இரண்டு நூல் மேலும் இரண்டு நூல் கீழுமாகச் செல்லும் சாய்வரி நெசவே கில்ட்டுக்கு வழமையானது. டார்ட்டனும் இவ்வாறே நெய்யப்படுகின்றது. மீன்முள் நெசவு என்பது சாய்வரியைக் குறிப்பிட்ட இடைவெளியில் எதிர்த்திசைக்குத் திருப்பி நெய்வது. டுவீட்டில் பலரும் விரும்புவது இதுவே. இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மீன்முள் பட்டைகள் பாவின் திசையில் ஓடுகின்றன. எனவே மேற்சட்டையில் செங்குத்தாகத் தெரியும் பட்டைகள், கில்ட்டில் உடலைச் சுற்றிக் கிடையாகவே வரும். கடையில் மேற்சட்டையைப் பார்த்து அதே துணியில் கில்ட்டுக் கேட்பவர் இதனால் ஏமாற்றம் அடையக்கூடும். பட்டை செங்குத்தாகவே வேண்டுமாயின் துணியைக் குறுக்கே துண்டுகளாக வெட்டிப் பல இடங்களில் இணைக்க வேண்டும். அப்போது கரை கிடைக்காது. பட்டைகள் குறுகலாக இருப்பின் தொலைவிலிருந்து திசை தெரிவதில்லை என்பதால், குறுகிய மீன்முள் துணியை எடுத்துவிடுவது எளிய வழி.

அகலமும் கரையும்

டார்ட்டன் ஆலைகள் கில்ட்டுக்கென்றே உறுதியான கரையுடன் துணி நெய்கின்றன. டுவீட் ஆலைகள் பெரும்பாலும் மேற்சட்டைக்காகவே நெய்கின்றன. மேற்சட்டையில் கரை வெட்டி எறியப்படுவதால் அதன் அழகைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. நாடா இல்லாத நவீன தறிகளில் ஊடை நூல் ஒவ்வொரு வரிசையிலும் வெட்டப்படுவதால் ஓரம் குஞ்சம் போலக் காணப்படும். துணியை இழுத்துக் காயவைக்கும் பொறியின் ஊசித் துளைகளும் ஓரத்தில் தென்படலாம்.

இத்தகைய துணியில் கில்ட்டு தைத்தால் கீழ் விளிம்பை மடித்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை. விளிம்பு மட்டும் இரு மடங்கு தடிப்பாகிவிடும். ஒவ்வொரு அடுக்கிலும் அது நிகழ்வதால், மடிப்புகள் கீழே விரிந்து கில்ட்டு மணி போன்ற வடிவம் பெறும். அடுக்குகள் குறைந்த நான்கு கஜப் பெட்டி மடிப்பில் இக்குறை அவ்வளவாகத் தெரியாது. எட்டுக் கஜத்தில் மிகவும் தெரியும். ஆகவே துணியின் நிறத்தைப் பார்க்கும் முன்னரே அதன் ஓரத்தைப் பார்ப்பது அறிவுடைமை.

இரட்டை அகலத் துணியை நீளவாக்கில் பிளக்கும்போது இன்னொரு சிக்கல் எழுகின்றது. இரண்டு பாதிகளிலும் கரை கீழே வர வேண்டுமாயின் ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். டுவீட்டின் தூவி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பின், திருப்பிய பாதி ஒளியில் சற்று வேறு நிறமாகத் தெரியும். தூவி இல்லாத துணியில் இவ்வேறுபாடு இல்லை. மேலும், இருபுறமும் ஒத்திராத கட்டங்கள் உள்ள துணியில் திருப்பிய பாதியின் கோடுகள் மற்றதனுடன் சேரா. ஒற்றை அகலத் துணி கிடைக்குமானால் இச்சிக்கல்கள் எவையும் இல்லை.

ஹாரிஸ் டுவீட்

டுவீட்டுகளுள் மிகவும் புகழ் பெற்றது ஹாரிஸ் டுவீட். ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள வெளி எபிரைடீசுத் தீவுகளில் இது நெய்யப்படுகின்றது. ஹாரிஸ் நிலத்தின் உரிமையாளரான டன்மோர் பிரபு 1845 இல் இறந்த பின்னர், அவரது மனைவி கேத்தரின் மரே, தம் குடும்பத்துக்குரிய மரே டார்ட்டனைத் தீவின் நெசவாளர்களைக் கொண்டு டுவீட்டில் நெய்வித்தார். உருளைக்கிழங்குப் பயிர் நோயால் பஞ்சம் நிலவிய அக்காலத்தில், தீவு மக்களின் துணியைத் தம் செல்வந்த நண்பர்களிடையே பரப்பி அவர்களுக்கு வருவாய் கிடைக்கச் செய்தார். டார்ட்டன் கட்டத்தை டுவீட்டில் நெய்ததே ஹாரிஸ் டுவீட் வணிகத்தின் தொடக்கம் என்பது, டுவீட்டையும் டார்ட்டனையும் எதிரெதிராக வைத்துப் பேசுவோர் மறந்துவிடும் செய்தி.

போலித் துணிகள் பெருகியதால் 1909 இல் ஹாரிஸ் டுவீட் சங்கம் அமைக்கப்பட்டது. உருண்டையின் மேல் மால்ட்டாச் சிலுவை அமைந்த வணிகக் குறி அதற்குரியது. 1934 இல் ஆலையில் நூற்ற நூலைப் பயன்படுத்த இசைவு வழங்கப்பட்டது. 1966 இல் உற்பத்தி 76 இலட்சம் கஜத்தை எட்டியது. பின்னர் பெரிதும் வீழ்ந்தது. 1993 ஆம் ஆண்டின் ஹாரிஸ் டுவீட் சட்டத்தின்படி, வெளி எபிரைடீசுத் தீவுகளில் சாயமேற்றி நூற்ற தூய புதுக் கம்பளியைக் கொண்டு, தீவு மக்கள் தம் வீடுகளில் கையால் நெய்து, தீவுகளிலேயே முடிவுசெய்த துணிக்கு மட்டுமே இப்பெயர் உரியது. கையால் நெய்தல் என்பது மின்னாற்றல் இன்றி நெய்தலைக் குறிக்கின்றது. நெசவாளர் மிதிகட்டையை மிதித்தே தறியை இயக்குகின்றார்.

கில்ட்டுத் தைப்பவருக்கு இங்கு முதன்மையானது தறியின் வகை. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் தீவுகளில் பரவிய ஹாட்டர்சிலித் தறியில் நெய்த துணி ஏறத்தாழ 75 சதமமீட்டர் அகலமே உடையது. நாடா ஓடி நெய்வதால் இருபுறமும் முறையான கரை உண்டு. இடுப்பில் இருந்து முழங்கால் நடுவரை ஏறத்தாழ 60 சதமமீட்டர் உயரம் தேவைப்படும் கில்ட்டுக்கு இவ்வகலம் அளவெடுத்தது போலப் பொருந்துகின்றது. 1990களில் வந்த போனஸ் கிரிபித் தறி, 150 சதமமீட்டர் அகலத்தில் நெய்கின்றது. மேற்சட்டைத் தொழிற்சாலைகள் விரும்புவது இதனையே. இன்று சந்தையில் மிகுதியாகக் கிடைப்பதும் இதுவே. ஒற்றை அகலத் துணியைப் பெறத் தனிநெசவாளர்களை நாட வேண்டியிருக்கும்.

வணிகக் குறி, துணி எங்கே எவ்வாறு நெய்யப்பட்டது என்பதற்கு உறுதி தருகின்றது. அது கில்ட்டுக்கு ஏற்றதா என்பதற்கு உறுதி தருவதில்லை. ஹாரிஸ் டுவீட்டிலும் இலேசான துணி உண்டு, கனமான துணி உண்டு. பொதுவில் அது தளர்ந்து முறுக்கிய தடித்த நூலால் ஆனது என்பதால், எட்டுக் கஜக் கத்தி மடிப்பை விட நான்கு அல்லது ஐந்து கஜ வடிவமே அதற்குப் பொருந்தும்.

நிறமும் கட்டமும்

டுவீட்டின் நிறம் நூலுக்கு ஏற்றப்படுவதன்று. நூற்பதற்கு முன் கம்பளிக்கே பல சாயங்கள் ஏற்றி, அவற்றைக் கலந்து நூற்கின்றனர். தொலைவில் பச்சையாகத் தெரியும் துணியை அருகில் பார்த்தால் மஞ்சள், நீலம், செம்பழுப்பு இழைகள் தெரிவது இதனாலேயே. லோவட் பிரபு தம் நிலத்தின் ஏரிக்கரை நிறங்களைப் பார்த்து உருவாக்கியதாகக் கூறப்படும் லோவட் பச்சை இவ்வாறான கலவையே. ஒவ்வொரு கலவையும் சிறிது வேறுபடும் என்பதால், கில்ட்டும் மேற்சட்டையும் ஒரே துணியில் வேண்டுவோர் இரண்டையும் ஒரே உருட்டில் இருந்து ஒரே நேரத்தில் வெட்டி வாங்குதல் நன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேட்டுநிலப் பெருநிலங்களை வாங்கிய புதிய உரிமையாளர்களுக்குக் குல டார்ட்டன் இல்லை. அவர்கள் தம் வேட்டைப் பணியாளருக்கெனத் தனி டுவீட்டுகளை உருவாக்கினர். இவை பெருநில டுவீட்டுகள் எனப்படுகின்றன. இவற்றுள் பல, மேய்ப்பர் கட்டம் எனப்படும் சிறு கருப்பு வெள்ளைக் கட்டத்தின் மேல் வேறு நிறக் கோடுகளைச் சேர்த்து அமைந்தவை. அந்தந்த மலையின் நிறத்தோடு ஒன்றிப் பணியாளர் மானின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட், பால்மோரல் பெருநிலத்துக்காக உருவாக்கிய சாம்பல் நிற டுவீட் அவ்விடத்துக் கருங்கல்லின் நிறத்தை ஒத்தது. இன்றும் பயன்பாட்டில் உள்ள பெருநில டுவீட்டுகள் அவ்வுரிமையாளரின் இசைவின்றி நெய்து விற்கப்படுவதில்லை. குல டார்ட்டன் சிக்கலில் இருந்து தப்ப டுவீட்டை நாடுவோர் இதனையும் அறிந்திருத்தல் வேண்டும்.

கட்டமுள்ள டுவீட்டில், கட்டம் எத்தனை சதமமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகின்றது என்பது மடிப்பின் ஆழத்தை வரையறுக்கின்றது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு நடுவில் தெரிய வேண்டுமாயின், ஒரு மடிப்புக்கு ஒரு முழுக் கட்டமோ அதன் மடங்கோ செலவாகும். கட்டம் 20 சதமமீட்டருக்கு ஒருமுறை வந்தால் எட்டுக் கஜத்துக்குப் பொருந்தும். 12 சதமமீட்டராயின் மடிப்பு ஆழமற்றுப் போகும், இரு கட்டங்களை எடுத்தால் துணி மிகும். கட்டமற்ற துணியிலும், மேய்ப்பர் கட்டம் போன்ற மிகச் சிறு கட்டத்திலும் தையற்காரர் விரும்பிய ஆழத்தில் மடிப்பு வைக்கலாம். தடித்த துணிக்கு ஏற்ப மடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் இடமிருப்பதால், முதல் டுவீட் கில்ட்டுக்குப் பெரிய கட்டத்தைத் தவிர்த்தல் நலம்.

மாதிரித் துண்டைச் சோதித்தல்

துணி விற்போர் தரும் உள்ளங்கை அளவு மாதிரி, நிறத்தைக் காட்டுமேயன்றி வேறொன்றையும் காட்டாது. குறைந்தது 30 சதமமீட்டர் அளவான துண்டைக் கரையுடன் கேட்டுப் பெறுதல் வேண்டும். அதனைத் திட்டமிட்ட கில்ட்டின் அடுக்கு எண்ணிக்கைக்கு மடித்து, கையால் அழுத்திப் பார்த்தால் தடிப்பு விளங்கும். ஈரத்துணி வைத்துச் சூடான தேய்ப்புப்பெட்டியால் ஒரு மடிப்பை அழுத்தி, ஓர் இரவு தொங்கவிட்டுக் காலையில் பார்த்தால், மடிப்பு நிற்குமா என்பது தெரியும். ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்கையில் நெசவின் இடைவெளிகள் பரவலாகத் தெரியுமாயின் அத்துணி உட்காரும் இடத்தில் தொய்யும். முழங்காலின் பின்புறத்தில் சிறிது நேரம் வைத்திருந்தால் உறுத்தலின் அளவு புலப்படும். கடைசியாக நான்கைந்து மீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்க வேண்டும். கையில் பல நிறமாகத் தெரிந்த துணி, தொலைவில் மங்கிய பழுப்பாகி விடுவதுண்டு.

பராமரிப்பு

டுவீட் கில்ட்டு அடிக்கடி துவைக்கப்படுவதில்லை. சேறு பட்டால் உலரவிட்டுத் தூரிகையால் தட்டி எடுப்பதே முறை. மடிப்புகளை மீண்டும் அழுத்த வேண்டியிருப்பின், முதலில் அவற்றைத் தளர்ந்த கைத்தையலால் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டு, நீராவியால் அழுத்தி, முழுதும் குளிர்ந்த பின்னரே தையலைப் பிரிக்க வேண்டும். டார்ட்டனை விட டுவீட்டுக்கு இவ்வேலை அடிக்கடி தேவைப்படும். இடுப்புப் பட்டையைப் பற்றித் தொங்கவிட்டு வைத்தால் மடிப்புகள் தம் எடையாலேயே நேராகின்றன. துணிப்பூச்சியின் புழுக்கள் கம்பளியில் உள்ள கெரட்டினை உண்பதால், கழுவாத அழுக்குடன் பெட்டியில் வைத்தல் ஆகாது. முன்புறத்தில் தொங்கும் ஸ்போரன் எனப்படும் தோல் பை உராயும் இடத்தில் டுவீட்டின் தூவி விரைவில் தேய்ந்து வழுக்கையாகும். பையின் பின்புறம் மெல்லிய தோல் தைத்திருப்பின் தேய்வு குறைகின்றது. அதன் சங்கிலி பின்புற மடிப்புகளையும் அறுக்கும் என்பதால், டுவீட் கில்ட்டுக்குச் சங்கிலிக்குப் பதிலாகத் தோல் வார் பூட்டுவோரும் உளர்.